மாட்டின் வயிறும் பொங்கற் சோறும்

மனிதனுக்கு இரைப்பை ஒன்றே. உண்ட சோறு அங்கே அமிலத்தோடு கலந்து கூழாகி, சுமார் 20 அடி நீளமுள்ள சிறு குடலிற் சென்று ஜீரணமாகிறது. வைக்கோலை ஜீரணிக்க அவனால் இயலாது. மாடோ வைக்கோலைத் தின்றே ஏர் இழுக்கிறது; பாலும் கொடுக்கிறது. இவ்வித்தியாசத்துக்குக் காரணம் அதன் வயிற்றின் அமைப்பேயாகும்.

மாட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. முதல் அறையே மிகப் பெரியது; வயிற்றின் இடது பாகத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய பசுவில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது, தேன்கூடு போன்ற கண்களையுடையது. தீவனத்தோடு விழுங்கப்பட்ட ஆணியும் கம்பியும் இதிற்றான் தங்கி, சில சமயம் முன்னோக்கிக் குத்தி இருதயத்தையே துளைத்துவிடும். மூன்றாவது, ஏடுகள் போன்ற மடிப்புகளால் நீரை உறிஞ்சுவது. நான்காவதே நம் இரைப்பைக்கு ஒப்பானது.

முதல் அறையில் கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுபவை அவையே. மாடு நாளொன்றுக்குச் சுமார் 8 மணி நேரம் அசைபோடுவது, நாரைப் பொடியாக்கவும், ஏராளமான உமிழ்நீரை உள்ளே அனுப்பிப் புளிப்பை மட்டுப்படுத்தவுமே. ஆகவே, மாட்டுக்குத் தீனி போடுகிறவர் உண்மையில் இந்நுண்ணுயிர்களுக்கே தீனி போடுகிறார் எனலாம்.

மாட்டுப் பொங்கலன்றும் கலியாணங்களுக்கு மறுநாளும் நேரும் கேடு இதனால் விளங்கும். சோற்றையும் பொங்கலையும் பிரியத்தோடு கூடை கூடையாக வைத்துவிடுகிறோம். அசைபோட வேண்டாத இம்மாவுப் பண்டம் விரைவிற் புளித்துக் கடும் அமிலமாகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, வயிறு அசைவற்றுப்போகிறது, உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு தள்ளாடிப் படுத்து, ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். திருஷ்டி என்று சொல்லி, காப்பாற்றக்கூடிய நேரத்தைப் போக்கிவிடுவோர் உண்டு.

இடது பசிக்குழியில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பாருங்கள். சுகமான மாட்டில் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு கையைத் தள்ளும். அவ்வசைவும் அசைபோடுதலும் நின்றால் கால்நடை மருத்துவரை உடனே வரவழைக்க வேண்டும். அதுவரை வைக்கோலன்றி வேறெதுவும் வைக்கலாகாது. பொங்கலன்று பூஜைக்கு ஒரு கைப்பிடியே போதுமானது. வழக்கமான தீவனத்தை மாற்ற நேர்ந்தாலும், பத்துப் பதினைந்து நாட்களிற் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும்.

விருந்துகளில் மீந்த சோறு ஊர்ப் பொதுவிடங்களிற் குவிந்து கிடக்க விடாமல், அன்றே எருக்குழியிலிட்டு மண்ணால் மூடச் செய்வது கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது.