‘தேக்குதானே?’

பர்னிச்சர் கடைக்குள் நுழைகிறவர் கட்டிலை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, ‘தேக்குதானே?’ கடைக்காரரின் பதிலும் மாறுவதில்லை: ‘சுத்தமான தேக்கு சார்.’ அவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தேக்கு, எத்தனை வயதுத் தேக்கு என்று நாம்தான் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நிற்பது பர்மாக் காடுகளில் பல தலைமுறை வளர்ந்து முற்றிய மரம். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக் கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது. இப்போது துறைமுகங்களில் வந்து இறங்குவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டப் பயிராக வளர்த்த தேக்கு. நம்மூர் வரப்பில் பதினைந்து வருஷத்தில் வெட்டுகிற தேக்கும் ஏறக்குறைய அதே ரகம்தான். வெளியே வெள்ளை அதிகம், உள்ளே வைரம் கொஞ்சம்.

மரம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெள்ளையையும் வைரத்தையும்தான். வெள்ளை என்பது மரம் உயிரோடு இருக்கையில் நீர் ஏறுகிற பகுதி. அதில் மாவுச்சத்து தங்கியிருக்கும். அதைத் தின்னத்தான் உளுப்பூச்சி வருகிறது. தேக்கு என்று பெயர் சொன்னால் பூச்சி திரும்பிப் போய்விடாது. தேக்கின் வெள்ளையும் உளுக்கும். மரம் வயதாக ஆக நடுப்பகுதி செத்து, நிறம் ஏறி, இறுகி வைரமாகிறது. இளந்தேக்கின் வெள்ளையைவிட முற்றிய பூவரசின் வைரம் எத்தனையோ மேல். சம்பந்தி வீட்டில் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

ஊர்த் தச்சர்களுக்கு இந்தத் தேக்குப் பித்து இருந்ததில்லை. வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம், செக்குக்கு வாகை, தேருக்கு இலுப்பை, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, கறிக்கடை அடிக்கட்டைக்குப் புளி என்று வேலையைப் பார்த்து மரத்தை எடுத்தார்கள். சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் சாதாரண வீடுகளுக்குள் வந்தது பிற்பாடு. வரும்போதே தேக்கையும் ஈட்டியையும் கௌரவத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. ஈட்டி மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் வந்தது. அதனால் ஈட்டியை விட்டுவிடுவோம்.

என்னைக் கேட்டால் நாற்காலிக்கு முதல் மரம் பூவரசு. டெல்டாவில் வாய்க்கால் கரையிலும் கொல்லை வேலியிலும் நிற்பது. இலையில் கொழுக்கட்டை அவிப்பார்கள், பிள்ளைகள் பீப்பி சுருட்டி ஊதுவார்கள். ஒரு போத்தை வெட்டி நட்டாலே தழைத்துவிடும். அவ்வளவு சுலபமாக வருவதாலோ என்னவோ, அதை யாரும் மரமாக மதிப்பதில்லை. முற்றிய பூவரசை அறுத்துப் பார்த்தால் சாக்லேட் நிறத்தில், செம்மை ஓடிய வைரம். கனமும் உண்டு, இழைப்புளிக்கும் இணங்கும். முக்கியமாக, காயும்போது அதிகம் சுருங்காது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். மரத்தின் வாடை உணவில் ஏறாது என்பதால் அதில் சாப்பாட்டுக் கிண்ணம் குடைந்தார்கள். குறை ஒன்று உண்டு. பூவரசு நேராக வளராது, கிழட்டு மரத்தில் பொந்தும் விழுந்திருக்கும். ஆறடிப் பலகையை அதனிடம் எதிர்பார்த்துக் கட்டில் திட்டம் போடக் கூடாது. நாற்காலிக் கால், சாய்வு நாற்காலியின் கை, முக்காலி, அலமாரியின் இழுப்பறை என்று குட்டையான உருப்படிகளுக்கு அதை மிஞ்ச உள்ளூரில் ஆள் இல்லை. கையின் வளைவுக்கு மரத்தின் வளைவையே பயன்படுத்திக்கொள்கிற தச்சர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அகலமான மேசைப் பலகை வேண்டுமென்றால் வாகை. பழுப்பு நிறம், ஊடே கறுப்புக் கோடுகள். அந்தமானில் வெட்டிய வாகையை வெள்ளைக்காரர்கள் லண்டன் சந்தையில் ‘கிழக்கிந்திய வால்நட்’ என்று பெயர் மாற்றி விற்றார்கள். அறுக்கிறவருக்குத்தான் பாடு; தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி இல்லாமல் மில்லில் நிற்கக் கூடாது. வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தையும் வாகை என்றே விற்பார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு மரம், எடையும் உறுதியும் குறைவு. மோசமில்லை, ஆனால் வாகை விலை கொடுக்க வேண்டியதில்லை.

பலா அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும், வருஷங்கள் போகப் போகப் பழுப்பேறும். அந்த மஞ்சளைக் காய்ச்சி எடுத்துத்தான் பௌத்த பிக்குகளின் அங்கிக்குச் சாயம் ஏற்றினார்கள். கரையான் எளிதில் தொடாது, உளிக்கும் முரண்டு பிடிக்காது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பண்ருட்டிப் பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா, புதுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தது. முற்றிய பலாக்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அறுக்க மில்லும், பலகையை அடுக்கிக் காயவைக்க ஒரு கொட்டகையும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த விவசாயிகளுக்கு நஷ்டத்தில் ஒரு பங்காவது தேறியிருக்கும். புயல் வரும் ஊர்களில் நெல்லுக்குக் களம் இருப்பது மாதிரி மரத்துக்கும் ஒரு களம் இருக்க வேண்டும்.

வேம்பு உழைக்கும், ஆனால் நார் திசை மாறி மாறி ஓடும். ஒரு பக்கம் வழவழவென்று இழைத்தால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். பெட்டிக்கும் கதவுக்கும் சரி. மா மலிவு, வெட்டியதும் அறுக்காவிட்டால் பூஞ்சணம் ஏறிக் கறுத்துவிடும், மருந்து காட்டாமல் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது.

எந்த மரமானாலும் கெடுவது பெரும்பாலும் பச்சையில்தான். ஓர் அங்குலப் பலகை நிழலில் காய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் கொடுத்து, தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, வெடிக்காமலிருக்க முனைகளில் பெயின்ட் அடித்து வைப்பார்கள். கிராமங்களில் கட்டையை மாதக் கணக்கில் குளத்தில் ஊறப்போட்டதும் காரணத்தோடுதான். உளுப்பூச்சிக்கு இரையான சத்து தண்ணீரில் கரைந்து போகும். இப்போது அதே வேலைக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் முக்குகிறார்கள். காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், ஏசி அறையில் சுருங்கும். மேசைப் பலகையைச் சட்டத்தோடு நாலு புறமும் பசை போட்டு ஆணியும் அடித்து இறுக்கினால் தேக்கானாலும் ஒருநாள் வெடிக்கும். நகர இடம் விட்டுப் பொருத்தத் தெரிந்த தச்சரிடம் வாகையைக் கொடுப்பது, தெரியாதவரிடம் தேக்கைக் கொடுப்பதைவிட லாபம்.

எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலத்தையும் சொல்லிவிட வேண்டும். அதன் உறவு மரமான மெஸ்கீட்டில்தான் அமெரிக்காவின் டெக்சாஸில் விலை உயர்ந்த மேசைகளும் தரைப் பலகைகளும் செய்கிறார்கள். காரணம், அது ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசைந்து கொடுப்பது மிகமிகக் குறைவு. நம்முடையது கோணல், குறுக்களவும் சிறிது; பெரிய பலகை வராது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அது மொத்தமும் விறகாகவும் கரியாகவும் போகிறது. மூட்டத்தில் ஏற்றுவதற்கு முன் தூர்க்கட்டைகளை மட்டும் தனியே பொறுக்கினால் முக்காலிக் கால், உளிப்பிடி, இழுப்பறைக் குமிழ், சின்னச் சின்னத் தரைக்கட்டை எல்லாம் அதில் எடுக்கலாம். கரி வியாபாரிக்கு எடைதான் கணக்கு. கரிக்குக் கொடுக்கிற விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கேட்டால் அவரே பொறுக்கித் தருவார்.