கையிலுள்ள ஊசியை எப்போது மாற்றுவது?

"கனுலா போட்டு மூணு நாளாச்சு, இன்னும் மாத்தல்ல. மறந்துட்டாங்களோ மகள்?" புல்மோட்டைப் பக்கத்துப் பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. சேலைன் ஏற்றக் கையில் போடும் அந்தச் சிறு குழாயைத்தான் சொல்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. 72 தொடக்கம் 96 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நீண்டகால வழக்கம். நாள் கூடினால் நாளம் வீங்கும், கிருமி இரத்தத்தில் கலக்கும் என்ற பயமே காரணம். ஆனால் அவுஸ்திரேலியாவில் 3283 நோயாளரிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும், தேவை வந்தபோது மாத்திரம் மாற்றியவர்களிலும் ஒரே அளவில், நூற்றுக்கு ஏழு பேருக்கே நாள அழற்சி ஏற்பட்டது. அதன்பின் பல இடங்களில் நாளை எண்ணாமல் கையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நாட்கணக்கில் மாற்றும் வாட்டுகளும் உண்டு.

அவசரத்தில், சுத்தம் பார்க்க முடியாத இடத்தில் போட்ட ஊசி வேறு விடயம். அதை 48 மணித்தியாலத்துக்குள் மாற்றவேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி. 2009 மார்ச்சில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் காயப்பட்டவர்கள் இங்கேதான் வந்திறங்கினார்கள். இந்திய வைத்தியக் குழு இங்கே கள வைத்தியசாலை நடத்தியது. அப்படி வருபவர்களுக்கு 'எத்தனை நாள்' என்பதைவிட 'எங்கே போட்டது' என்பதே முக்கியம். வீட்டில் மயங்கிக் கிடந்தவருக்கு அவசரமாகப் போட்டிருந்தாலும் அதைத் தாதிக்குச் சொல்லுங்கள். எரிகாயமும் தழும்பும் உள்ள கையில் நாளம் தேடுவது எவ்வளவு வேதனை என்பது உங்களில் சிலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீணாக ஒரு குத்து அவர்களுக்குச் சின்ன விடயமல்ல.

துணைக்கு நிற்பவர் ஒவ்வொரு நாளும் ஊசி போட்ட இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, நோவு, நாளம் கயிறுபோல் தடித்திருத்தல், கசிவு, மருந்து இறங்காமல் நிற்றல் என்று எதைக் கண்டாலும் அடுத்த ரவுண்ட் வரை காத்திருக்க வேண்டாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடுங்கள். நீங்களாகக் கழற்றவும் கூடாது.

மிஸிக்குத் தமிழ் விளங்காவிட்டால் இடத்தைக் காட்டி "மெதன ரிதெனவா" என்றால் போதும். "இங்கே நோகுது" என்று அர்த்தம். மொழி தெரியாத வெட்கத்தில் நோவைப் பொறுத்திருக்கும் பெண்கள்தான் எங்களில் அதிகம்.

குளிசைக்கு மாறி, நன்றாகச் சாப்பிடவும் தொடங்கியவருக்குக் கனுலா இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லாத ஊசியை மாற்றுவதல்ல, எடுத்துவிடுவதே சரி. எடுத்தபின்னும் இரண்டு நாள் அந்த இடத்தைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் வீங்கலாம்.