ஐஸ் ராஜாவின் கொள்ளுப்பேத்தி

மெரினா கடற்கரைச் சாலையில், அரைவட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைத் திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்து தங்கியதெல்லாம் பிற்பாடு நடந்தது. 1842-இல் அந்தக் கட்டடம் எழுந்தபோது அதற்குள் குடியிருந்தது ஐஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்துகிடக்கும் தண்ணீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு மதராஸில் இறக்கினார் ஒரு வியாபாரி. பெயர் ஃபிரெடரிக் டியூடர். ஊர் வைத்த பட்டம் ‘ஐஸ் ராஜா’.

பனிக்காலத்தைக் காசாக்கிய அந்த மனிதரின் கொள்ளுப்பேத்தி தாஷா டியூடர். அதே பனிப் பிரதேசத்தில் ஆடு கறந்து, வெண்ணெய் கடைந்து, பூச்செடி வளர்த்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். நடுநடுவே கிட்டத்தட்ட நூறு புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். பல குழந்தைகளுக்குக் ‘கிராமம்’ என்றதும் மனதில் வந்த படமே அவர் தூரிகை போட்டதுதான்.

பிறந்தது 1915 ஆகஸ்ட் 28, பாஸ்டனில். வைத்த பெயர் ஸ்டார்லிங் பர்ஜெஸ். அப்பாவின் பெயரையே மகளுக்கும் வைத்துவிட்டார்கள். அப்பா புகழ்பெற்ற படகு வடிவமைப்பாளர். 1930-களில் ‘அமெரிக்காஸ் கப்’ பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற படகுகளில் அவர் கைவண்ணம் இருந்தது. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் நடாஷா மேல் அவருக்கு அத்தனை பிரியம். மகளை நடாஷா என்று கூப்பிட ஆரம்பித்தார். அது தாஷா என்று சுருங்கியது. அம்மா ரோஸமண்ட் டியூடர், உருவப்பட ஓவியர். அம்மாவோடு போகிற இடங்களில் அவர் பெயரையே ஒட்டி ‘தாஷா டியூடர்’ என்று அறிமுகம் ஆக, பெண்ணுக்கு அது பிடித்துப்போனது. பின்னால் சட்டப்படியே அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டார்.

ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா படம் வரைய நியூயார்க் போனார். மகள் கனெக்டிகட் மாநிலத்தின் ரெட்டிங் என்ற சிற்றூரில் குடும்ப நண்பர்கள் வீட்டில் வளர்ந்தார். பாஸ்டனின் கண்டிப்பான பெரிய வீடுகளிலிருந்து கிளம்பிய பெண்ணுக்கு, பிள்ளைகள் சேர்ந்து நாடகம் போடுகிற, சத்தமும் சுதந்திரமுமான வீடு கிடைத்தது. அங்கேதான் மாடும் கோழியும் மண்ணும் அவரைப் பிடித்துக்கொண்டன. வசதியான குடும்பத்துப் பெண்களை விருந்து வைத்துச் சமூகத்துக்கு அறிமுகம் செய்யும் வழக்கம் அப்போது உண்டு. தாஷாவுக்கு அந்த விருந்தில் நாட்டமில்லை. அவர் ஆசைப்பட்டது ஒரு பசுவுக்கு.

செடி ஆசை அதற்கும் முன்பே வந்தது. ஐந்து வயதில், தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் தோட்டத்தில் ஒரு மஞ்சள் ரோஜாவைப் பார்த்தாராம். தோட்டக்காரியாக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்வார்.

பூசணிக்காய் உருண்ட கதை

1938-இல் தாமஸ் மெக்கிரெடியை மணந்தார். அதே ஆண்டு முதல் புத்தகமும் வந்தது. கணவர் வழிச் சிறுமி ஒருத்திக்காக எழுதி வரைந்த ‘பம்ப்கின் மூன்ஷைன்’. பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கிய பிறகு ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ் அதை ஏற்றது. கதை உள்ளங்கை அகலம்தான். ஒரு சிறுமி மேட்டு வயலில் பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். தூக்க முடியாமல் உருட்டுகிறாள். அது கைநழுவிச் சரிவில் ஓடி, ஆடுகளையும் கோழிகளையும் வாத்துகளையும் மிரட்டி, சுண்ணாம்பு வாளியோடு வந்தவரையும் சாய்த்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு வந்த ‘அலெக்ஸாண்டர் த கேண்டர்’ புத்தகத்தில் ஒரு வாத்து, பக்கத்து வீட்டு அம்மாளின் அருமையான பேன்சிப் பூக்களை மேய்ந்துவிடுகிறது. அப்புறம் பன்றிக்கு ஒரு புத்தகம், ஆட்டுக்குட்டிக்கு ஒன்று, கேனரிக் குருவிக்கு ஒன்று. கதைக்காக அவர் அலையவில்லை. கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் போதுமாக இருந்தது.

1944-இல் ‘மதர் கூஸ்’ குழந்தைப் பாடல்களுக்கு அவர் வரைந்த தொகுப்பு வெளியாகி, அமெரிக்கக் குழந்தை நூல் ஓவியத்துக்கான கால்டெகாட் விருதுக் குழுவின் கௌரவப் பட்டியலில் இடம்பிடித்தது. அதில் வந்த பணத்தைக் கொண்டு, 1945-இல் நியூ ஹாம்ப்ஷர் மாநிலம் வெப்ஸ்டரில் பெரிய பண்ணை ஒன்றை வாங்கிக் குடியேறினார்கள். பழைய வீடு. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. விறகடுப்பில் சமையல், விளக்கு வெளிச்சத்தில் இரவு. மாடு, கோழி, வாத்து, காய்கறித் தோட்டம் என்று சாப்பாட்டில் பெரும்பகுதி நிலத்திலிருந்தே வந்தது.

இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். இந்த வீட்டுக் குழந்தைப் பருவத்தைத்தான் பிற்பாடு 1977-இல் ‘எ டைம் டு கீப்’ என்ற புத்தகமாக, மாதம் மாதமாக, பண்டிகை பண்டிகையாக வரைந்தார். அதில் ஒரு காட்சி படித்தவர்களுக்கு மறக்காது. கோடைக்காலப் பிறந்தநாள். இருட்டிய பிறகு ஆற்றங்கரையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். மேலே, ஆற்றின் வளைவில், முதலில் ஒரு மினுக்கம். கிட்ட வர வர, மெழுகுவத்திகள் எரிய, பிறந்தநாள் கேக் தண்ணீரில் மிதந்து வருகிறது. கற்பனை இல்லை, வெப்ஸ்டர் பண்ணையில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே அப்படி மிதக்கவிட்டவர் அவர்.

பொம்மைகளுக்கும் அந்த வீட்டில் தனிக் குடித்தனம் உண்டு. அவற்றுக்குள் கடிதம் போய்வர ‘சிட்டுக்குருவி தபால்’ என்று ஒரு ஏற்பாடு. நகக்கண் அளவு உறைகள், அதற்கேற்ற தபால்தலைகள், எல்லாம் தாஷாவின் கைவேலை. 1955-இல் இரண்டு பொம்மைகளுக்கு நடந்த கல்யாணத்தைப் படம்பிடித்து ‘லைஃப்’ பத்திரிகையே வெளியிட்டது.

ராயல்டி போன வழி

கேட்க அழகாக இருக்கும் இந்த வாழ்க்கையின் கணக்குப் புத்தகம் வேறு. பண்ணை ஓடியது படங்களால். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, நாள்காட்டி, அடுத்தவர் எழுதிய கதைக்கு ஓவியம் என்று வந்த வேலை எதையும் அவர் தட்டவில்லை. 1961-இல் மணமுறிவு. குடும்பத்தைத் தாங்கியது அவருடைய பிரஷ்தான். அதற்கடுத்த ஆண்டு ‘தி சீக்ரெட் கார்டன்’, 1963-இல் ‘எ லிட்டில் பிரின்சஸ்’ ஆகிய இரண்டு பழைய நாவல்களுக்கு வரைந்த படங்கள், இன்றுவரை அச்சில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பூட்டிக்கிடந்த தோட்டம் ஒன்று குழந்தைகளின் கைபட்டுத் துளிர்க்கும் கதைக்கு, கைநகத்தில் மண்ணுள்ள ஓவியர் கிடைத்தது அந்த நாவலின் அதிர்ஷ்டம்.

கலைக்காகவே கலை என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. பிழைப்புக்காக வரைகிறேன், மிஞ்சினால் தோட்டத்துக்குப் பூங்கிழங்கு வாங்குகிறேன் என்பதுதான் பேட்டிகளில் அவர் பதில்.

வேலை செய்யத் தனியாக ஓவியக்கூடம் வைத்துக்கொண்டவர் இல்லை. ஜன்னலோர மேசை, கிண்ணத்தில் தண்ணீர், வாட்டர்கலர், காலடியில் சுருண்டு கிடக்கும் நாய். மாடல்கள் பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள். பக்கத்தைச் சுற்றி அவர் போடும் ‘பார்டர்’ தனி முத்திரை. சுள்ளி, கொடி, காட்டுப்பூ, பெர்ரிப்பழம் பின்னிய சட்டம். உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு எலியோ குருவியோ எட்டிப் பார்க்கும். அந்தச் சட்டத்தில் எந்த மாதத்துப் படத்துக்கு எந்தப் பூ என்பது தப்பாது. கோடைக்காலம் தோட்டத்துக்கு, பனிக்காலம் படத்துக்கு என்று வருஷம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கொள்ளுத்தாத்தா ஏரியில் ஐஸ் அறுத்த அதே மாதங்களில், கொள்ளுப்பேத்தி அடுப்பருகே உட்கார்ந்து பூ வரைந்தார்.

குட்டைக்கால் நாய்கள் கட்டிய வீடு

இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் படங்களில் காலடியில் ஓடும் குட்டைக்கால், நீள உடல், நரிமுக நாய்களைப் பலர் பார்த்திருப்பார்கள். கோர்கி. வேல்ஸ் நாட்டில் மாடு மேய்க்க வளர்த்த ஜாதி. 1950-களில் தாஷாவின் வீட்டுக்குள் ஒரு கோர்கி நுழைந்தது. அப்புறம் வீடு அவற்றுடையதாகிவிட்டது. ஒரு கட்டத்தில் பதின்மூன்று, பதினான்கு கோர்கிகள் ஒரே நேரத்தில் இருந்தன.

1971-இல் வந்த ‘கோர்கிவில் ஃபேர்’ அவற்றுக்குச் செய்த கைம்மாறு. கோர்கிகளும் பூனைகளும் முயல்களும் வாழும் ஊரில் திருவிழா, அதில் ஆட்டுப் பந்தயம், பந்தயத்தில் சூழ்ச்சி. ஊர் எங்கே என்றால் நியூ ஹாம்ப்ஷருக்கு மேற்கே, வெர்மான்ட்டுக்குக் கிழக்கே. வரைபடத்தைப் பார்த்தால் அந்த இரண்டு மாநிலங்களும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஓடுவது ஆறு மட்டும்.

புத்தகம் நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் வெர்மான்ட் மாநிலம் மார்ல்பரோ மலைச்சரிவில் நிலம் வாங்க முடிந்தது, வீடும் எழுந்தது. வீட்டைக் கட்டியவர் மகன் சேத். மின்கருவி தொடாமல், கைக்கருவிகளைக் கொண்டே கட்டினார். நண்பர்களின் பழைய வீடு ஒன்றை அளந்து அதேபோல் எழுப்பியதால், புதுவீடு பார்ப்பதற்கு இருநூறு வயதுக் கிழவீடாக இருந்தது. ‘கோர்கி காட்டேஜ்’ என்று பெயர். தாஷாவுக்கு அப்போது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது. மற்றவர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் கல்லும் முள்ளுமான சரிவில் புதிதாகத் தோட்டம் போட ஆரம்பித்தார்.

குளிர் இரவுகளில் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போகும் ஊர். சரிவைக் கல் அடுக்கிப் படிப்படியாக்கினார்; வெயில் படும் சுவரோரம் குளிருக்குப் பயந்த செடிகள், மேலே தாக்குப்பிடிக்கிற செடிகள். இலையுதிர்காலத்தில் டாஃபடில் கிழங்குகள் ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் போகும். மே மாதம் அவை விரியும்; பின்னாலேயே துலிப், பியோனி, ஃபாக்ஸ்குளோவ், ரோஜா, லில்லி என்று முறை வைத்து வரும். வரிசை பிடித்து நட்ட தோட்டம் இல்லை அது. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, நடைபாதையையே மறைக்கும் கூட்டம். கோடையில் அதற்குள் அவர் வெறுங்காலோடு நடப்பார்.

ஆடுகள் நூபியன் ஜாதி. தொங்கும் நீளக் காதும் வளைந்த மூக்கும் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஜமுனாபாரி ஞாபகம் வரும். தப்பில்லை, அந்தக் கலப்பினத்தை இங்கிலாந்தில் உருவாக்கியபோது சேர்த்த ரத்தத்தில் ஜமுனாபாரியும் உண்டு. பொழுது விடிந்தால் முதல் வேலை கறவை. அந்தப் பாலில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஐஸ்கிரீம். மீதி நேரத்தில் ஆளிச் செடி வளர்த்து, நாரெடுத்து, நூற்று, தறியில் நெய்து, சட்டை தைத்தார். மெழுகுவத்தியும் வீட்டிலேயே வார்த்தது.

உடுத்தியதும் அந்த மாதிரிதான்: தலையில் முக்காடு, தரையைக் கூட்டும் பாவாடை, மேலே ஏப்ரன். 1830-களில் வாழ்ந்து முடித்தவள் நான் என்று அவர் சொல்வது பாதி விளையாட்டு, பாதி நிஜம். அந்தக் காலத்து உடைகளை அவர் திரட்டிய தொகுப்பு அருங்காட்சியகத் தரமுள்ளது. 1996-இல் வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அவர் உலகத்தைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது.

1990-களில் ரிச்சர்ட் பிரவுன் எடுத்த புகைப்படங்களோடு அவரது வீடு, தோட்டம் பற்றிய நூல்கள் வந்தன. அதன்பிறகு வெளிநாட்டு வாசகர்களும் சேர்ந்தார்கள். குறிப்பாக ஜப்பானில் அவருக்குப் பெரிய கூட்டம். அங்கிருந்து படக்குழுவினர் மார்ல்பரோ மலையேறி வந்தார்கள்.

2008 ஜூன் 18-ஆம் தேதி, தொண்ணூற்றிரண்டு வயதில், அந்த வீட்டிலேயே இறந்தார். படங்களில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பம், உயிலுக்காக நீதிமன்றம் போனது. எங்கே அடக்கம் செய்வது என்பதில்கூடப் பிள்ளைகளுக்குள் தகராறு. அவர் வளர்த்த நாய்களின் சாம்பலும் பிரியமான சேவலின் சாம்பலும் தன்னோடு போகவேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

மார்ல்பரோவில் பனி உருக ஏப்ரல் கடைசியாகும். அதன்பின் சில வாரங்களில், வாத்துக் கதைக்கும் பொம்மைக் கதைக்கும் கோர்கிக் கதைக்கும் வந்த காசோலைகளில் வாங்கி நட்ட கிழங்குகளிலிருந்து, அந்தக் கல்படிகளின் ஓரம் டாஃபடில்கள் மஞ்சளாகத் தலைநீட்டும்.