ஒல்லாந்தரின் நீர் முகாமைத்துவம்: ஒரு சூழல் வரலாறு



1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் பத்தாவியாவிலும் கொழும்பிலும் கால்வாய்கள் வெட்டினர் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். (ஹமில்டன் கால்வாய் பிரித்தானியர் காலத்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவர்களின் தாயகமான நெதர்லாந்துக்குச் செல்ல வேண்டும்.

"நெதர்லாந்து கடல் மட்டத்திற்குக் கீழே உள்ள நாடு, ஆகவே அணை கட்டினார்கள்" என ஒரே வரியில் விடையை முடித்துவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். இவ்விடையில் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. கி.பி. 1000 அளவில் மேற்கு நெதர்லாந்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு மேலேயே இருந்தது. அதைத் தாழ்த்தியவன் மனிதன்.

எவ்வாறு? அப்பிரதேசம் முற்றா நிலக்கரி படிந்த சதுப்பு நிலமாகும். பாசியும் நாணலும் இறந்து, நீரில் தோய்ந்தபடியே முற்றாக உக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்ததால் உண்டான மண் அது. நீர் ஊறிய பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நூற்றாண்டிலிருந்து குடியானவர்கள் இங்கே வரிசையாக வாய்க்கால்கள் வெட்டி, நீரை வடித்துத் தானியம் பயிரிட்டனர். நீர் வடிந்ததும் மண் சுருங்கி அமிழ்ந்தது. அத்துடன் வளி உட்புகுந்ததால் உக்காதிருந்த தாவரப் பொருள் ஒட்சியேற்றமடைந்து, காபனீரொட்சைட்டாக வெளியேறியது. நிலத்தின் ஒரு பகுதி காற்றோடு கலந்து போயிற்று என்றே சொல்லலாம்!

தாழ்ந்த வயல் மறுபடியும் ஈரமானது. வாய்க்காலை ஆழமாக்கினர், நிலம் மேலும் தாழ்ந்தது. ஆற்றின் மட்டத்தைவிட வயல் கீழே போனபோது அணை தேவைப்பட்டது. அணைக்குள் விழும் மழைநீர் தானாக வடிய வழியில்லாததால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிறைக்கும் காற்றாலை வந்தது. தானியத்துக்கு ஒவ்வாத அந்த ஈர நிலத்தில் புல் நன்றாக வளர்ந்தது. பலர் பசு வளர்ப்புக்கு மாறினர். ஒல்லாந்தின் பாற்கட்டி புகழ்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவன் தன் பங்கு அணையைக் கவனியாது விட்டால் ஊரே மூழ்கும். ஆகவே 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நீர்ச் சபைகள் தோன்றி, வரி அறவிட்டு அணைகளைப் பராமரித்தன. 2023 இலும் 21 நீர்ச் சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது.

இவ்வளவு கவனம் இருந்தும் 1421 நவம்பரில் பெரும் வெள்ளம் ஏற்பட்டு, டோட்ரெக்ட் நகரைச் சூழ்ந்த விளைநிலம் நீருக்குள் போனது. புயலை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். உப்பு எடுப்பதற்காகவும் எரிபொருளுக்காகவும் அணைகளின் அருகிலேயே முற்றா நிலக்கரியைத் தோண்டியிருந்தார்கள். உள்நாட்டுப் பூசலில் அணைப் பராமரிப்பும் தளர்ந்திருந்தது. மூழ்கிய இடம் பீஸ்பொஸ் என்னும் ஈரநிலமாயிற்று.

நகரங்கள் வளர, அடுப்புகளுக்கும் மதுவடி சாலைகளுக்கும் எரிபொருள் வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து நீர்மட்டத்திற்குக் கீழேயும் தோண்டியதால் வயல்கள் ஏரிகளாயின. காற்றடிக்கும்போது இவ்வேரிகள் தம் கரைகளையே அரித்துப் பெருத்தன. மக்கள் இதனை "நீர் ஓநாய்" என்றனர். 1612 இல் பேம்ஸ்டர் ஏரியைக் காற்றாலைகளால் வற்றச் செய்தார்கள். ஆனால் ஹார்லெம் ஏரி காற்றாலைக்கு அடங்கக்கூடியதன்று. 1836 இல் புயலில் அதன் நீர் அம்ஸ்டர்டாம், லெய்டன் நகரங்களை நோக்கிப் பாய்ந்தது. பின்னர் மூன்று பெரிய நீராவி இறைப்பு நிலையங்கள் 1849 முதல் 1852 வரை இறைத்து, ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர் நிலத்தை மீட்டன. இன்றைய ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

1932 இல் 32 கிலோமீற்றர் நீளமான அணையொன்று தெற்குக் கடல் என்ற குடாவை மூடியது. உவர் நீர் நன்னீராக மாற, அங்கிருந்த மீன்பிடி அழிந்தது. புதிய வயல் பெற்றவர்களும் தொழில் இழந்த மீனவர்களும் ஒரே திட்டத்தின் பயனாளிகளும் பலியானோரும் ஆவர். இதனை விடையில் சேர்ப்போர் மிகச் சிலரே.

1953 பெப்ரவரி முதலாந் திகதி வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தனர். அதன்பின் தென்மேற்குக் கழிமுகங்களை மூடும் டெல்ரா வேலைகள் தொடங்கின. கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தையும் முழுதாக மூடவே முதலில் திட்டமிட்டனர். சிப்பி வளர்ப்போரும் சூழல் ஆர்வலரும் எதிர்த்தமையால், 62 உருக்குக் கதவுகள் கொண்ட தடுப்பு 1986 இல் திறக்கப்பட்டது. கதவுகள் புயலில் மட்டுமே மூடப்படும். மற்ற நாட்களில் வற்றுப்பெருக்கு வழமைபோல் நடக்கும்.

1995 இல் ஆறுகள் பெருகி, ஏறத்தாழ 250,000 பேர் இடம்பெயர நேர்ந்தது. அணையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டம் 2006 இல் அங்கீகரிக்கப்பட்டது. 1421 இல் மூழ்கிப் பின்னர் மீட்கப்பட்ட பீஸ்பொஸ் நிலத்தின் ஒரு பகுதியும் ஆற்று வெள்ளத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

புள்ளிவிபரம் எழுதுவோர் கவனிக்க: நாட்டின் 26 சதவீதம் கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது, மேலும் 29 சதவீதம் ஆற்று வெள்ளத்துக்கு உட்படக்கூடியது. இரண்டையும் கூட்டி, 55 சதவீதமும் கடல் மட்டத்திற்குக் கீழே என எழுதுவது தவறு. காலநிலை மாற்றம் பற்றிய 2007ஆம் ஆண்டின் சர்வதேச அறிக்கையிலும் இத்தவறு இடம்பெற்று, 2010 இல் திருத்தப்பட்டது.

இப்போது நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்: "நிலத்தை உலர்த்திய முயற்சியே நிலத்தைத் தாழ்த்தியது." நெதர்லாந்தின் முற்றா நிலக்கரிப் பிரதேசத்தைக் கொண்டு விளக்குக.