தாத்தா காலத்து பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் இன்ஜின் போடலாமா?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சில தோட்ட வீடுகளில் இன்னமும் தார்ப்பாய்க் கூரை போட்ட பழைய ஜீப் நிற்பதைப் பார்க்கலாம். கூரையைக் கழற்றிவிட்டால் கல்யாண ஊர்வலத்துக்கு அதைவிட கம்பீரமான வண்டி கிடையாது. ஆனால் பெட்ரோல் போட்டு மாளாது. லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஷெட்டில் கேட்டால் உடனே பதில் வரும்: "அண்ணே, இதத் தூக்கிப் போட்டுட்டு ஒரு டீசல் இன்ஜின இறக்கிருவோம். ரெண்டு நாள் வேலைதான்."

வேலை முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையின் டி.வி.சுந்தரம் ஐயங்கார், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' கருவியைச் செய்து வாகனங்களை ஓட வைத்தார். பின்னாளில் கம்பெனிகளே டீசலுக்கு மாறின. அம்பாசடரில் 1,489 சிசி டீசல் இன்ஜின் வந்தது. பெட்ரோல் ஜீப் விற்ற மஹிந்திரா, பெஜோ வடிவமைப்பில் 2,112 சிசி டீசல் இன்ஜினைப் போட்டது. "கம்பெனியே போட்டுச்சு, நாம போட்டா என்ன?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

கம்பெனி இன்ஜினை மட்டும் மாற்றவில்லை. பெட்ரோல் இன்ஜின் ஸ்பார்க் பிளக் பொறியில் எரிகிறது. டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பழைய ஜீப்பின் 2.2 லிட்டர் 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 7 மடங்கு அமுக்கும். அந்தக் கால டீசல் இன்ஜின்கள் 20 மடங்கு அளவில் அமுக்கும். அதைத் தாங்க இரும்பு கனமாக இருக்க வேண்டும். முன்பக்க எடை கூடினால் பட்டை (ஸ்பிரிங்), ஸ்டீயரிங், பிரேக் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதிர்வு அதிகம் என்பதால் இன்ஜின் மவுண்ட், பெரிய பேட்டரி, ரேடியேட்டர், டேங்குக்குத் திரும்பி வரும் டீசல் லைன் என்று செலவு நீளும். இன்ஜினை இறக்கிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவதுதான் இதில் ஆபத்தான சிக்கனம்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது டீசல் பக்கம் போகவில்லை. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தலாம். உங்கள் மாடலுக்கு அந்த கிட் ஒப்புதல் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். அதே வகை பெட்ரோல் இன்ஜினை மாற்றுவதென்றால், ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்து, 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் விண்ணப்பிக்கலாம். பழைய இன்ஜின் வாங்கினால் பில்லும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் கட்டாயம் வாங்கி வையுங்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உண்மையில் அதிகம் மாட்டுவது இன்ஜினை மாற்றியவர் இல்லை, அந்த ஜீப்பை அடுத்து வாங்குபவர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எரிபொருள் 'பெட்ரோல்' என்று காட்டி, பானெட்டுக்குள் டீசல் இன்ஜின் தடதடத்தால், அந்த விலைக்கு அது வேண்டாம். பெயர் மாற்றத்தில், ஆர்.சி. புதுப்பிப்பில், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது, மூன்று இடத்திலும் அது இடிக்கும். ரொம்பப் பழைய வண்டியின் விவரம் ஆன்லைனில் ஏறாமலே இருக்கலாம். அப்போது மூல ஆர்.சி.யோடு, பதிவு செய்த அலுவலகத்தில் கேளுங்கள். மதுரையில் டி.என். 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி.

சரி, மிச்சமாவது ஆகுமா? வருடம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 375 லிட்டர். 100 ரூபாய் விலைக்கு ரூ.37,500. டீசலில் 12 கிலோமீட்டர் என்றால் 250 லிட்டர். 92 ரூபாய் விலைக்கு ரூ.23,000. மிச்சம் ரூ.14,500. மொத்த வேலைக்கு ஒரு லட்சம் ஆனால், அசலை எடுக்கவே ஏழு வருடம். டீசல் ரொம்ப மலிவாக இருந்த காலத்துக் கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்க்க முடியாது.

இன்னொன்று. 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு தரும் விதி 2021-ல் வந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். பதிவுக் கட்டணம் ரூ.20,000, பத்து வருடம் செல்லும், தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. டீசல் இன்ஜின் ஏறினால் அந்தத் தகுதி போய்விடும். ஏற்கனவே கழற்றிய ஹரிக்கேன் இன்ஜின் ஷெட் மூலையில் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள்.