காற்றால் இயங்கும் பம்பும் காக்க வேண்டிய முறைகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மின் மோட்டார் இன்றி, அழுத்தப்பட்ட காற்றினால் மட்டுமே இயங்கும் பம்பு ஒன்று உண்டு. அதுவே டயாஃபிரம் பம்பு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் வில்டன் என்பவர் 1955-இல் இதனை உருவாக்கினார். பெயிண்ட், சாயம், தோல், மருந்து ஆகிய தொழில்களில் அமிலம், கரைப்பான், கழிவுநீர் முதலியவற்றை இறைக்க இது பயன்படுகிறது.

என் தமையனார் ஒரு பெயிண்ட் ஆலையில் உதவியாளராக உள்ளார். பம்புடன் வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பொருத்துகிறவர்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. "கரண்டே இல்லாத பம்பு, இதில் என்ன ஆபத்து?" என்பது அவர்களிடையே உள்ள எண்ணம். அது எவ்வளவு தவறானது என்பதை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்கலாம்.

இயங்கும் விதம்

பம்பின் இருபுறமும் இரண்டு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையையும் டயாஃபிரம் எனப்படும் ரப்பர் தகடு இரண்டாகப் பிரிக்கிறது. தகட்டின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் திரவம். இரு தகடுகளையும் ஒரு தண்டு இணைக்கிறது. காற்று ஒரு தகட்டைத் தள்ளும்போது அங்குள்ள திரவம் வெளியேறுகிறது. தண்டினால் இழுக்கப்படும் மற்றொரு தகடு தன் அறைக்குள் திரவத்தை உறிஞ்சுகிறது. பின்னர் காற்று மறுபக்கம் திரும்புகிறது. திரவம் பின்னோக்கி ஓடாதபடி நான்கு வால்வுகள் தடுக்கின்றன.

நிலைமின்சாரம்

டொலுவீன் போன்ற கரைப்பான்கள் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அவை குழாயில் உராய்ந்து ஓடும்போது மின்னூட்டம் உண்டாகிப் பம்பிலும் டிரம்மிலும் சேர்கிறது. எர்த் செய்யப்படாத ஓர் இரும்பு டிரம்மின் மின்தேக்குதிறன் 200 பிக்கோஃபாரட் எனவும், அதன் மின்னழுத்தம் 5,000 வோல்ட் எனவும் கொள்வோம். மின்னழுத்தத்தின் இருமடியை மின்தேக்குதிறனால் பெருக்கிப் பாதியாக்கினால், அதில் உள்ள ஆற்றல் 2.5 மில்லிஜூல் என வரும். டொலுவீன் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 0.24 மில்லிஜூல் போதும். அதாவது, தேவையானதைப்போல் பத்து மடங்கு ஆற்றல் ஒரு பொறியில் வெளிப்படலாம்!

ஆகவே பம்பு, டிரம், தொட்டி மூன்றையும் கம்பியால் இணைத்து எர்த் செய்ய வேண்டும். கம்பியைப் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்தல் அவசியம். குழாயும் மின்கடத்தும் வகையாக இருத்தல் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பம்பு இவ்வேலைக்கு ஆகாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. பம்பின் உலோகம் திரவத்திற்கு ஏற்றதா எனப் பார்க்க வேண்டும். மெத்திலீன் குளோரைடு போன்ற கரைப்பான்கள் அலுமினியத்துடன் வினைபுரிந்து வெடிக்கக்கூடும்.

2. கிடங்கில் இருக்கும்போதே ரப்பர் பாகங்கள் சற்று அமுங்கிப் போல்ட்டுகள் தளரும். எனவே புதிய பம்பானாலும் கையேட்டில் கண்ட அளவுக்கு அவற்றை முறுக்கிய பின்னரே ஓட்ட வேண்டும்.

3. காற்றுக் குழாயில் ஃபில்டர், ரெகுலேட்டர், மூடினால் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றும் வால்வு ஆகியவை வேண்டும். பெயர்த்தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தாண்டலாகாது.

4. பம்பு துடித்துத் துடித்து இயங்குவதால், திரவக் குழாய்களை வளையும் ஹோஸ் கொண்டு இணைக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளாத கனமுடையதாக இருக்க வேண்டும்.

5. டயாஃபிரம் கிழிந்தால், காற்று வெளியேறும் வழியாகத் திரவமே பீறிடும். தீங்கு தரும் திரவமாயின் அவ்வழியில் குழாய் இணைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருப்பின், அக்குழாயின் வாய் தொட்டியின் திரவ மட்டத்திற்கும் மேலே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். வெளியேற்றும் வால்வை மூடினால் இப்பம்பு தானாகவே நின்றுவிடும். ஆனால் 7 பார் காற்று கொடுத்திருந்தால், குழாயினுள் ஏறத்தாழ அதே 7 பார் அழுத்தம் காத்திருக்கும். பம்பு நின்றதைக் கண்டு அழுத்தம் நீங்கியது என எண்ணி நட்டைக் கழற்றினால், அமிலம் முகத்தில் அடிக்கும். காற்றை மூடி, இரு பக்கத்து அழுத்தத்தையும் வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், ஆலைகளில் பணிபுரியும் தம் உறவினர்க்கு இவற்றை எடுத்துச் சொல்வார்களாயின், இம்முயற்சி பயனுடையதாகும்.