அப்புத்தளைக் குளிருக்கு விறகா, வெப்பப் பம்பியா?

ஊவாவில் விறகு எப்போது வேண்டுமோ அப்போதுதான் நனைந்து கிடக்கும். இங்கே பெருமழை தருவது இடைப்பருவமும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவக்காற்றும். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் அந்த மழையோடு குளிரும் வந்துவிடுகிறது. பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில் ஓரளவு தப்பிக்கும். பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டியது, அப்புத்தளை 1,400ஐ. அங்கே இரவில் 12, 13 பாகை சாதாரணம்.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. பாதி எடை தண்ணீரான பச்சை விறகில் 2 யூனிட்தான் தேறும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஒரு பங்கு போய்விடும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறை அடுப்புக்கு மேலே அடுக்கிக் காயவைக்கும் தோட்ட லயத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துரைமார் பங்களாக்களின் கதை வேறு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் கருங்கல்லால் எழுப்பிய அடிஷம் போன்ற வீடுகள் இங்கிலாந்தை நினைத்துக் கட்டப்பட்டவை. அத்தகைய வீடுகளின் திறந்த கணப்பு அடுப்பு கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். வெப்பத்தில் எண்பது, தொண்ணூறு வீதம் புகைபோக்கி வழியே போய்விடும். போகிற சூட்டுக்காற்று கதவிடுக்கு வழியாகக் குளிரை உள்ளே இழுக்கும். முகம் வேகும், முதுகு விறைக்கும். அதே விறகை மூடிய இரும்பு அடுப்பில் எரித்தால் எழுபது வீதம்வரை அறைக்குக் கிடைக்கும்.

வெப்பப் பம்பி எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே தள்ளுகிறது. குளிர்சாதனப் பெட்டி செய்யும் அதே வேலை. 1850களில் ஒஸ்திரியாவின் உப்பு ஆலையில் பீட்டர் ரிட்டிங்கர் இதை முதலில் அமைத்ததும் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான். கொழுந்து மூட்டையைப் பக்கத்து மேட்டுக்குத் தூக்குவதும் மலையுச்சிக்குத் தூக்குவதும் ஒன்றல்ல, பம்பிக்கும் அப்படித்தான். வெளியே 12 பாகை, அறைக்கு 20 பாகை போதும் என்றால் ஏற்றம் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். பனியில் உறையும் நோர்வேயிலேயே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இது ஓடும்போது, அப்புத்தளைக் குளிர் அதற்கு விளையாட்டு.

பெரிய கூடம் ஒன்றுக்கு மாலையிலிருந்து இரவுவரை 10 யூனிட் வெப்பம் வேண்டும் என்று வைப்போம். பம்பிக்கு மூன்று யூனிட் மின்சாரம், மூடிய அடுப்புக்கு மூன்றரைக் கிலோ காய்ந்த விறகு, திறந்த கணப்புக்குப் பதினேழு கிலோ. கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க: திருப்பியும் ஓடக்கூடிய ஏசிதான் வெப்பப் பம்பி, ஆனால் இங்கே விற்கும் ஏசிகள் பல குளிர்விக்க மட்டுமே தெரிந்தவை. சுழற்சியைத் திருப்பும் வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய அடுப்பையும் இடித்துவிட வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாடு இது.

லயத்துக்குப் பம்பி பரிந்துரைப்பது கேலி. தகரக் கூரையும் சுவருக்கு மேலே திறந்த இடைவெளியும் உள்ள காம்பராவில் எதை வைத்துச் சூடாக்கினாலும் வானத்தைத்தான் சூடாக்குவோம். தவிர, லயத்து அடுப்பு குளிர் காய மட்டும் எரிவதில்லை; சோறு வேகிறது, ஈரத்துணி காய்கிறது. புகை நெஞ்சுக்குள் போகிறது. அங்கே முதல் செலவு கூரைக்கு உட்கூரை, அடுப்புக்குச் சரியான புகைபோக்கி. கருவி அதற்குப் பிறகு.

வெப்பப் பம்பிக்கு இங்கே நல்ல வேலை இருக்குமிடம், என் கணிப்பில், தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலைதான். அதுவும் முழுதாக அல்ல. கொழுந்தை உலர்த்த ஏறக்குறைய 100 பாகைக் காற்று வேண்டும். சாதாரணப் பம்பிக்கு அது எட்டாத ஏற்றம், அங்கே விறகு உலையே நிற்கட்டும். கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கோ 30 பாகையை ஒட்டிய காற்று போதும், மழை மாதங்களில் அந்த இளஞ்சூட்டுக்கும் விறகே எரிகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும்போது பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த அந்த வறண்ட காற்றே கொழுந்தை வாட்டிவிடும்.